பால்சுறாவும் புகைபோக்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே என் மனைவி என்னைத் தேக்கா சந்தைக்கு விரட்டினாள். பால்சுறா வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், தோலோடு வாங்கி வர வேண்டும் என்று மூன்று கட்டளை. அவள் நாகப்பட்டினத்துக்காரி, பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால்தான் பால் ஊறும் என்பதில் அவளிடம் யாரும் பேசி ஜெயிக்க முடியாது. நான் வாங்கி வந்தேன், அவள் வேகவைத்துத் தோலை உரித்து, பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு உதிர்த்து வைத்தாள், மகள் தட்டைத் தள்ளிவிட்டுக் கைப்பேசியை நீட்டினாள். "அப்பா, சுறாவில மெர்குரி இருக்காம், பால் கொடுக்கிறவங்க குறைச்சுக்கணும்னு போட்டிருக்கு."

"உன்னைப் பெத்தப்போ எங்கம்மா எனக்கு இதைத்தானே போட்டாங்க, உனக்கு மூளை குறைஞ்சா போச்சு?" என்றாள் என் மனைவி.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்துவிட்டேன். மீனில் இருக்கும் பாதரசத்தில் ஒரு பங்கு நிலக்கரிப் புகையிலிருந்து வருவது, அதில் துளியூண்டு நானே அனுப்பியதாகக்கூட இருக்கலாம் என்றேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருக்கிறேன்.

சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் தமிழ்நாட்டில் ஒரு அனல்மின் நிலையத்தில் நாலு வருடம் ஒப்பந்த வேலை பார்த்தேன். எந்த நிலையம் என்று சொல்லவில்லை, தேவையும் இல்லை. எனக்கு ஈஎஸ்பி பக்கம் வேலை. புகையில் வரும் சாம்பலை மின்சாரத்தால் இழுத்துத் தகடுகளில் ஒட்டவைக்கும் பெரிய பெட்டிகள் அவை. சுத்தியல்கள் தகட்டை 'டங் டங்' என்று தட்டிக்கொண்டே இருக்கும், சாம்பல் உதிர்ந்து கீழே ஹாப்பர் என்ற தொட்டியில் விழும், ஹாப்பர் அடைத்துக்கொண்டால் கம்பியை விட்டுக் குத்த வேண்டியது எங்கள் வேலை. சூடான சாம்பல் தண்ணீர் மாதிரி பாயும், பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு பிடித்துவிடுகிறோம் என்று மேற்பார்வையாளர் பெருமையாகச் சொல்வார். சாம்பலைப் பொறுத்தவரை பொய் இல்லை.

ஒரு நாள் அங்கே அழுத்தம் அளக்கும் மேனோமீட்டர் ஒன்று உடைந்து, அதிலிருந்த பாதரசம் தரையில் மணி மணியாக ஓடியது. அடேயப்பா, என்ன களேபரம்! கதவைத் திற, மின்விசிறியை நிறுத்து, கையால் தொடாதே என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். தாளை மடித்து மணிகளை ஒன்றுசேர்த்து, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டு மூடும்வரை ஃபோர்மேன் நகரவே இல்லை. செய்தது சரிதான். ஆனால் எங்கள் தலைக்கு மேலே அந்தப் புகைபோக்கியில் அன்றைக்கு எவ்வளவு பாதரசம் போனது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியாது.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 3,000 டன்னுக்கு மேல் நிலக்கரி தின்னும். நிலக்கரியில் இருக்கும் பாதரசம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும், என்றாலும் ஒரு டன்னுக்குக் கிராமில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு யூனிட்டுக்கு நாளைக்கு 300 கிராம். காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டரில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இருக்கும். ஆக தினமும் நானூறு ஐந்நூறு தெர்மாமீட்டர் அளவுப் பாதரசம் அந்தக் கொதிகலனுக்குள் போகிறது. அதில் ஒரு பங்கு சாம்பலோடு தங்கும், மீதி வானத்துக்கு. அதுவும் ஒரே ஒரு யூனிட்டில்.

ஏன் அந்த ஈஎஸ்பி இதைப் பிடிக்கவில்லை? சாம்பல் தூசி, பாதரசம் ஆவி, அவ்வளவுதான் விஷயம். கொதிகலன் நெருப்பில் நிலக்கரியிலுள்ள பாதரசம் முழுக்க ஆவியாகிவிடும். புகை ஆறிக்கொண்டே வரும்போது அந்த ஆவியில் கொஞ்சம் குளோரினோடு சேர்ந்து உப்பாக மாறும், கொஞ்சம் எரியாத கரித்துகளில் ஒட்டிக்கொள்ளும், மிச்சம் மாறாமல் தனிப் பாதரச ஆவியாகவே இருக்கும். உப்பான பாதரசம் நீரில் கரையும், ஆகவே கந்தகத்தை எடுக்கச் சுண்ணாம்புக் கரைசல் தெளிக்கும் எஃப்ஜிடி கோபுரம் இருந்தால் அதையும் சேர்த்துக் கழுவிவிடலாம். தூசியில் ஒட்டியது தூசியோடு போய்விடும். தனி ஆவியாக இருப்பதுதான் தொல்லை பிடித்தது. கரையாது, ஒட்டாது, காற்றில் மாதக்கணக்கில் மிதந்து கண்டம் விட்டுக் கண்டம் போய் எங்கேயோ மழையோடு இறங்கும். இந்தோனேசிய நிலக்கரி போன்ற இளசு வகைகளில் குளோரின் குறைவு, அதனால் அவற்றின் புகையில் இந்தத் தனி ஆவியே அதிகம்.

சரி, வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பழைய வழியும்கூட. பாதரசத்தை முதலில் உப்பாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கொடுக்க வேண்டும். பெல்ட்டில் போகும் நிலக்கரிமேல் கால்சியம் புரோமைடு கரைசலைக் கொஞ்சம் தெளித்தாலே உப்பாக மாறும் பங்கு ஏறிவிடும், பிறகு எஃப்ஜிடி அதைக் கழுவிக்கொள்ளும். (கழுவிய தண்ணீரில் சல்ஃபைட்டு கூடிப்போனால் அதே பாதரசம் திரும்ப ஆவியாகி வெளியேறும் வேடிக்கையும் உண்டு, அதற்கு வேறு மருந்து போட வேண்டும்.) இன்னொரு வழி, மாவு போல அரைத்த கிளர்வூட்டிய கரியைப் புகைக்குழாயில் ஊதுவது. பாதரசம் அதில் ஏறிக்கொள்ளும், பின்னால் வரும் பேக் ஃபில்டரோ ஈஎஸ்பியோ கரியைப் பிடித்துவிடும். பேக் ஃபில்டர் என்றால் இன்னும் நல்லது, துணிப்பையின்மேல் படிந்த கரிப்படலத்துக்குள் புகுந்துதான் புகை வெளியே போயாக வேண்டும்.

இந்தக் கரிப்பொடி எனக்குப் பழக்கமானது. சிங்கப்பூரில் ஒரு குப்பை எரிப்பு ஆலையில் பல வருடம் பராமரிப்பு வேலை பார்த்தேன்; அங்கேயும் சுண்ணாம்போடு இதே பொடியைத்தான் புகையில் ஊதினோம், குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின் நச்சுக்கும் பாதரசத்துக்கும் சேர்த்து. கையில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது. திருகுக்குழாயில் ஈரம் பட்டுக் கட்டியாகிவிட்டால் அன்றைக்கு இராச்சாப்பாடு கோவிந்தா. இதைத் தேங்காய்த் தொட்டியிலிருந்தும் செய்வார்கள். காங்கேயம் பக்கம் தொட்டிக்கரி மூட்டை மூட்டையாக லாரியில் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அது எதற்குப் போகிறது என்று அப்போது தெரியாது. ஒரு கிராம் பொடியின் உள்ளே இருக்கும் ஓட்டைகளை எல்லாம் விரித்துப் போட்டால் இங்கே அரசாங்க அடுக்குமாடிகளில் இருக்கும் நான்கறை வீவக வீடுகள் ஐந்தாறின் தரை அளவு வரும். பாதரசம் போய் உட்கார இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. கரி கலந்த சாம்பலைச் சிமெண்டுக்காரர்கள் விரும்ப மாட்டார்கள்; கான்கிரீட்டில் காற்றுக்குமிழி பிடித்துவைக்கப் போடும் மருந்தை அந்தக் கரி உறிஞ்சிவிடும். சாம்பல் விற்ற காசு போய்விடுமே என்று ஆலைக்காரர் யோசிப்பார். அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: ஈஎஸ்பி நல்ல சாம்பலைப் பிடித்த பிறகு கரியை ஊதி, தனியாக ஒரு பேக் ஃபில்டரில் பிடிப்பது. செலவு கூடும். அப்படியும் கரி ஊதும் சாதனத்தின் விலை எஃப்ஜிடி விலையோடு பார்த்தால் சில்லறை. அப்புறம், பிடித்த பாதரசம் எங்கும் மாயமாய்ப் போய்விடாது, சாம்பலிலோ எஃப்ஜிடியிலிருந்து வரும் ஜிப்சத்திலோ உட்கார்ந்திருக்கும். அதை ஏரிக்கரையில் கொட்டினால் ஒரு கையால் எடுத்து மறு கையால் போட்ட கதைதான்.

இதெல்லாம் ஏட்டில் இருக்கும் சங்கதி இல்லை. அமெரிக்கா 2011 டிசம்பரில் மின் நிலையப் பாதரசத்துக்கு வரம்பு போட்டது. வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்தார்கள். ஆனாலும் 2010ஐ ஒப்பிட 2017க்குள் அங்கே மின் நிலையங்கள் விடும் பாதரசம் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. சில நிலையங்களை மூடிவிட்டார்கள் என்பதும் ஒரு காரணம், ஆனால் இந்தக் கரிப்பொடிக்கும் அதில் பெரிய பங்கு. இந்தியாவும் 2015 டிசம்பரில் ஒரு கன மீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம் என்று பாதரசத்துக்கு வரம்பு எழுதியது. எஃப்ஜிடி வைக்க வேண்டிய கெடுவோ தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு எஃப்ஜிடியே கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கந்தகம் குறைவாகவே இருக்கட்டும். கந்தகத்துக்காகக் கட்டும் கோபுரம் பாதரசத்தையும் இலவசமாகக் கழுவுமே, அந்த இலவசம் போய்விட்டதே, அதை யார் கணக்கில் எழுதினார்கள்?

எனக்கு எப்போதும் ஆத்திரம் வரும் ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். நம் சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. அந்த எரிவாயுவிலும் கிணற்றிலிருந்து வரும்போதே பாதரசம் இருக்கும். 1973ல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா எரிவாயு ஆலையில் அந்தப் பாதரசம் குளிரூட்டும் பெரிய அலுமினியக் கருவியை அரித்து உடைத்துவிட்டது. பிறகு என்ன, எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலைக்காரர்கள் கந்தகம் ஏற்றிய கரியையும் வேறு உறிஞ்சிகளையும் வைத்து, அளக்கவே சிரமப்படும் அளவுக்குப் பாதரசத்தை எடுத்துவிட்டுத்தான் கருவிக்குள் விடுகிறார்கள். அலுமினியத்துக்கு வந்த ஆபத்துக்கு உடனே வழி பிறந்தது. ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசக் கழிவால் பிள்ளைகளின் மூளைக்கு வந்த ஆபத்து 1956ல் வெளியே தெரிந்தது, அந்தத் தொழிற்சாலை கழிவை நிறுத்தியது 1968ல். அந்த ஊர்ப் பெயரில் உலக நாடுகள் பாதரசம் பற்றிய உடன்படிக்கை எழுத 2013 ஆனது, அது நடப்புக்கு வந்தது 2017ல்.

அந்த உடன்படிக்கையில் சிங்கப்பூரும் 2017 செப்டம்பரிலேயே சேர்ந்துவிட்டது, இந்தோனேசியாவும் அதே மாதம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிலக்கரி நிலையங்களின் பாதரசத்தைக் கட்டுப்படுத்த, சேர்ந்த பத்து ஆண்டுக்குள் ஏதாவது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. முதலில் சேர்ந்த நாடுகளுக்கு அந்தக் கெடு 2027ல் வருகிறது. 'ஏதாவது' என்பதில்தான் ஓட்டை. வரம்பு போடலாம், இலக்கு வைக்கலாம், மற்ற மாசுகளோடு சேர்த்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொல்லலாம். கடைசியில் சொன்னதில் பாதரசத்தை யாரும் தனியாக அளந்து பார்க்காமலே காலத்தை ஓட்டிவிட முடியும்.

இதில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் காப்பிக்கடை நண்பர்களும் கேட்டார்கள், நம்ம ஊரில் நிலக்கரியே கிடையாதே என்றார்கள். முதலில், அது தப்பு. ஜூரோங் தீவில் நிலக்கரியையும் மரத்துகளையும் சேர்த்து எரிக்கும் நிலையம் ஒன்று 2013ல் திறக்கப்பட்டது. இரண்டாவது, வானம் தெளிந்த நாளில் துவாஸ் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மலேசியாவின் ஜோகூரிலுள்ள தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் கூப்பிடு தூரம் மாதிரி தெரியும். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. காற்றுக்கும் மீனுக்கும் கடப்பிதழ் கிடையாது என்கிறேன். புகைமூட்டக் காலத்தில் நாம் எல்லாரும் மணிக்கொரு தரம் பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் ஆறு மாசுகள் இருக்கின்றன, பாதரசம் அதில் இல்லை. குறியீடு நல்ல பச்சையில் இருக்கும் நாளிலும் பாதரசம் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மூன்றாவதுதான் நான் எழுத வந்தது. இப்போது பக்கத்து நாடுகளின் நிலக்கரி நிலையங்களைச் சீக்கிரம் மூட சிங்கப்பூர்ப் பணமும் மூளையும் போகிறது. நாணய ஆணையம் 2023 டிசம்பரில் இதற்காக ஒரு கூட்டணியைத் தொடங்கியது. பிலிப்பீன்சின் பத்தாங்காஸில் உள்ள ஒரு நிலையத்தை 2040க்குப் பதில் 2030லேயே மூட முடியுமா என்று முன்னோட்டமாகப் பார்க்கிறார்கள். நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு முழுக்க கரியமில வாயு, கரியமில வாயு. எத்தனை டன் மிச்சம், ஒரு டன் என்ன விலை என்றுதான் கணக்கு. மூடும்வரை அந்த நிலையங்கள் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? 2030 வரை, 2035 வரை, சில இடங்களில் அதற்கும் மேல். பேரம் பேசும் மேசையில் உட்காரும் நம் ஆட்கள், 'மூடும்வரைக்கும் பாதரசத்தை அளந்து எண்ணிக்கையை வெளியிடுங்கள், கரிப்பொடி ஊதும் சாதனம் வையுங்கள், செலவில் ஒரு பங்கை நாங்கள் ஏற்கிறோம்' என்று ஒரு வரி சேர்க்கக் கூடாதா? அஞ்சு வருடத்தில் மூடப்போகும் நிலையத்தில் எஃப்ஜிடி கோபுரம் கட்டு என்று சொன்னால் பைத்தியக்காரத்தனம். கரி ஊதுவது அப்படி இல்லை, பொடியைச் சேர்த்துவைக்க ஒரு சைலோ, ஓர் ஊதுகுழாய், சில முனைகள். வேலை முடிந்தால் கழற்றி அடுத்த நிலையத்துக்கே கொண்டுபோகலாம். எங்களை மாதிரி ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆட்கள் இங்கே எத்தனையோ பேர், கூப்பிட்டால் போய் மாட்டியே கொடுப்போம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். உலகத்தில் மனிதர்கள் காற்றில் விடும் பாதரசம் 2015ல் ஏறக்குறைய 2,200 டன் என்று ஐநா மதிப்பீடு. அதில் முதலிடம் சிறு தங்கச் சுரங்கங்களுக்கு. நிலக்கரி எரிப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் தங்கம் அரிக்கும் ஏழைகள் லட்சக்கணக்கில் காட்டுக்குள் சிதறிக் கிடக்கிறார்கள், அவர்களை யார் போய் என்ன சொல்வது. புகைபோக்கி நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறது, முகவரியும் இருக்கிறது.

இனி சுறாவுக்கு வருகிறேன், வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. நீரில் விழுந்த பாதரசத்தைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மீத்தைல் பாதரசமாக மாற்றும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது சேர்ந்துகொண்டே போகும், உச்சியில் சுறா. உலகச் சுகாதார நிறுவனமும் ஐநா உணவு அமைப்பும் சேர்ந்து வைத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். என் மகள் 60 கிலோ. அவளுக்கு வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். பெரிய சுறாவில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வரை சாதாரணமாக இருக்கும். அப்படியானால் 96 கிராம், கையகலத் துண்டு ஒன்று, வாரக் கணக்கு முடிந்தது. பால்சுறா சிறிய வகை, பெரிய சுறா அளவுக்கு அதில் சேராது, ஆனாலும் அதுவும் மற்ற மீனைப் பிடித்துத் தின்னும் மீன்தான். என் மனைவி இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்போ ஒரு துண்டு கொடுக்கலாம்ல?" என்றாள். கணக்கில் அவள் கெட்டி.

நம் சமூகத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தேடிப் பிடித்துக் கொடுக்கும் மீனே சுறாவாக இருக்கிறது. சிங்கப்பூர் உணவு அமைப்பு சுறா, வாள்மீன் போன்றவற்றைக் கர்ப்பிணிகள் அளவோடு சாப்பிட வேண்டும் என்கிறது. அதைச் 'சுறாப்புட்டு' என்ற வார்த்தையோடு தமிழில் எழுதி மகப்பேற்று மருத்துவமனையிலும் தேக்கா மீன்கடைப் பக்கமும் ஒட்டினால் மாமியார்கள் படிப்பார்கள். மீன் சாப்பிடாதே என்று எழுத வேண்டாம், நெத்திலி, மத்தி, கிழங்கான் என்று பேர் சொல்லி எழுதினால் போதும்.

அன்று சமைத்த புட்டை நானும் என் மனைவியும் இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டோம். எங்கள் வயதுக்கு அதில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. மகளுக்கு மறுநாள் தேக்காவிலிருந்து கிழங்கான் வாங்கி வந்தேன், மீன்கடைத் தம்பி "என்னண்ணே, பால்சுறா வேணாமா, இன்னிக்கும் ஃபிரெஷ்ஷா வந்திருக்கு" என்றார். அவரிடம் நின்று புகைபோக்கியில் ஆரம்பித்தேன், பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பராமரிப்பாளர்,
உட்லண்ட்ஸ்